மீண்டவர் பலகை

உங்கள் ஜீப்பின் விசிறி பெல்ட் தளர்ந்திருக்கிறது. இன்று காலை அது எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டேன், கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நாளில் அறுந்துவிடும், அதுவும் நீங்கள் அவசரமாகப் போகிற நாளாகப் பார்த்துத்தான் அறும். ஓட்டுநரிடம் சொல்லி இறுக்கச் சொல்லுங்கள். காது இருந்தும் கேட்காமல் ஓட்டுகிற ஆள் என்று நினைக்கிறேன்.

மன்னிக்க வேண்டும், தொழில் புத்தி. படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன் நான். நீங்கள் கேட்க வந்தது என் மைத்துனன் எப்படிச் செத்தான் என்று. சொல்கிறேன், எதையும் மறைக்கப்போவதில்லை. ஆனால் முதலில் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் நுழைந்து படம் பார்த்தவர் மாதிரி ஆகிவிடுவீர்கள்.

எங்கள் கோயில் கரையை ஒட்டி நிற்கிறது. புனிதரின் சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் துடுப்பு, இன்னொரு கை தண்ணீருக்குள் யாரையோ தூக்கப் போவது போல நீட்டியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவன்று அவரைப் பெரிய படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவோம். மற்றப் படகுகளெல்லாம் பின்னால் வரும். சுரூபத்தின் காலடியில் குறுக்கே ஒரு பலகை போட்டிருக்கும். மீண்டவர் பலகை என்று பெயர். அந்த வருஷம் கடலில் மாட்டிக்கொண்டு உயிரோடு திரும்பியவர் அதில் உட்கார்ந்து வருவார். நடுக்கடலில் எல்லா எஞ்சின்களையும் நிறுத்திவிடுவோம். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, என்ன நடந்தது, எப்படிப் பிழைத்தேன் என்று சொல்வார். அதுதான் எங்கள் திருவிழா. மற்றதெல்லாம் பல்பும் பந்தலும்தான்.

பலகையில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட முடியாது. மாலை மணி அடித்ததிலிருந்து காலை மணி அடிக்கும்வரை கடலில் கதியில்லாமல் கிடந்திருக்க வேண்டும். இதில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒருமுறை ஐஸ் கடைக்காரர் குடித்துவிட்டுப் படகுத்துறையிலிருந்து தவறி விழுந்தார். தூக்கிவிட்டோம். மறுநாள் பலகை தனக்குத்தான் என்று வந்து நின்றார். "ராத்திரி முழுக்கக் கடல்ல கிடந்தியாய்யா?" என்று பங்குச்சாமி கேட்டார். "அஞ்சு நிமிஷம்தான் கிடந்தேன் சாமி. ஆனா எம் பொண்டாட்டி விடிய விடியத் திட்டினா, அதையும் சேர்த்துக்கங்க" என்றார். கோயிலே சிரித்தது. ஆனால் பலகை கொடுக்கவில்லை. இந்த விதியை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் விதிப்படி நடந்தவன்.

எங்களுக்கு ஒரே மகன். கடலுக்குப் போனவன் வரவில்லை. பெரிய மழை பெய்த வருஷம் அது, யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. உடல் கிடைக்கவில்லை. அந்தத் திருவிழாவில் பலகையில் உட்கார்ந்தவர் வேறொரு படகிலிருந்து அதே மழையில் பிழைத்து வந்தவர், ஒரு தச்சர். பவனி முடிந்து கரைக்கு வந்ததும் என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, நீங்க தண்ணியில கிடந்தப்ப பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

அவர் நல்ல மனிதர். இவள் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "தோள்ல ஒரு கை இருந்த மாதிரி இருந்துச்சும்மா. வயசுப் பையன் கை" என்றார்.

அன்றைக்குத்தான் அவள் சாப்பிட்டாள். மகன் போனதிலிருந்து முதல்முறையாகத் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். புனிதர் அவனைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஆள் தூக்கும் வேலைக்கு அனுப்புகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அதில் ஆட்சேபனை இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும் மீண்டு வந்தவரிடம் அவள் அதையே கேட்பாள். ஊரே கூடிப் பேசிக்கொள்ளவில்லை, ஆனாலும் ஒருவர்கூட அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. "இருந்துச்சு அக்கா, நல்லா அழுத்திப் பிடிச்சிருந்துச்சு." "இருந்துச்சு, கொஞ்சம் சூடாக்கூட இருந்துச்சு." அதை வைத்துக்கொண்டு அவள் அடுத்த திருவிழாவரை ஓட்டிவிடுவாள். வெளிநாட்டுப் பிள்ளையிடமிருந்து ஃபோன் வந்த அம்மா மாதிரி தெருவில் நடப்பாள்.

பிறகு யாரும் மாட்டிக்கொள்ளாத வருஷம் ஒன்று வந்தது.

அதற்கு நானே பாதிக் காரணம் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். புது எஞ்சின்கள் வந்துவிட்டன. மழை வரும் என்று ஃபோனில் முன்கூட்டியே செய்தி வந்துவிடுகிறது. படகுகள் என் பட்டறைக்கு வராமல் கடலுக்குப் போவதில்லை, என் கை பட்ட எஞ்சின் நடுவழியில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. அந்தத் திருவிழாவில் பலகையின் மேல் வெள்ளைத் துணியை விரித்து ஒரு மெழுகுவர்த்தியை வைத்தார்கள். நடுக்கடலில் எஞ்சின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பங்குச்சாமி ஒரு செபம் சொன்னார். திரும்பிவிட்டோம். கரையில் என் மனைவி கடைசிப் படகைக் கட்டும்வரை நின்றாள்.

"இந்த வருஷம் யாருக்கும் ஒண்ணும் ஆகலைம்மா. நல்ல விஷயம்தானே?" என்றார் பங்குச்சாமி.

"யாருக்கு சாமி?" என்று கேட்டாள்.

அந்த வருஷம் முழுவதும் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதை நீங்கள் பார்க்கவில்லை. பாத்திரம் வைக்காமலே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னாலேயே நிற்பாள். தலை வாருவதை விட்டுவிட்டாள். அவள் தம்பி, சின்னவன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், தினமும் வந்து ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்க வைக்கப் பார்ப்பான். அவனைத் தன் பிள்ளையைப் போல வளர்த்தவள் அவள். அவனையே யார் இது என்பது போலப் பார்ப்பாள். ஒருநாள் என்னிடம், "நம்ம பிள்ளைக்கு வேலை இல்லாமப் போச்சுன்னா புனிதரு அவனை எங்க அனுப்புவாரு?" என்று கேட்டாள். அன்று பட்டறையில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். யாருக்கும் தீங்கு இல்லாமல் ஒரு ஆளை ஒரே ஒரு இரவு கடலில் நிறுத்திவைக்க முடியாதா? முடியும். என்னைத் தவிர வேறு யாராலும் முடியாது என்பதும் தெரிந்தது.

செய்தது சின்ன வேலை. டீசல் பம்பில் ஒரு நல்ல வாஷரை எடுத்துவிட்டுத் தேய்ந்த வாஷரைப் போட வேண்டும். கரையில் இருக்கும்போது எஞ்சின் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தூரம் போய்ச் சூடேறிய பிறகு காற்றை இழுக்க ஆரம்பிக்கும். நின்றுவிடும். காற்றை வெளியேற்றிக் கிளப்பினால் கொஞ்சம் ஓடும், மறுபடி நின்றுவிடும். அங்கே ஃபோன் எடுக்காது. மறுநாள் காலை மணி அடித்ததும் நானே முதல் ஆளாகத் தேடிப் போவேன். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது எனக்கு என் உள்ளங்கை மாதிரி.

கண்ணை மூடிக்கொண்டு ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை. மனைவி பிள்ளை உள்ளவர்களைத் தொடவில்லை. கடல் தரை மாதிரி கிடக்கிற நாளாகப் பார்த்தேன். படகில் குடிதண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, போதாது என்று நானே ஒரு கேன் கூடுதலாக வைத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் தண்ணீர் கேன் வைப்பானா?

போன வருஷம் வலை பின்னுகிறவர். தனிக்கட்டை. எல்லாம் கணக்குப் போட்டபடி நடந்தது. காலையில் நான் போனபோது படகில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரே குறை, அவருக்குப் பேச்சு வராது. பலகையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியை வாங்கி, "குளிரா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் மனைவி கரையில் கேட்டபோது, "ம், இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அவள் அதை வைத்துக்கொண்டு சில மாதங்கள் ஓட்டினாள், அதற்குமேல் அது தாங்கவில்லை. ஒரு இரவு முழுக்கக் கஷ்டப்பட்டது அவர், காலையில் கண்விழித்துத் தேடிப் போனது நான், கடைசியில் அவளுக்குக் கிடைத்தது ஒரு "ம்". எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதனால்தான் இந்த வருஷம் ரேடியோவைத் தேர்ந்தெடுத்தேன். வாயைத் திறந்தால் மூடமாட்டான், அதனால்தான் அந்தப் பெயர். முடிவெட்டப் போனால் முடிவெட்டுகிறவருக்கே தலைவலி வந்துவிடும். அவனும் கல்யாணம் ஆகாதவன். திருவிழாவுக்கு முந்தின நாள் எல்லாப் படகும் கரையில் கிடந்தன, பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. போட்ட வலையை எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போவான் என்பது எனக்குத் தெரியும். வாஷரை முந்தின நாளே மாற்றிவிட்டிருந்தேன்.

அவனோடு வழக்கமாகப் போகிறவன் அன்று கோயில் முகப்பில் ஏணிமேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதிலாகச் சின்னவன் படகில் ஏறிப் போயிருக்கிறான். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேனா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

மாலையில் என் சின்னப் படகை எடுத்தேன். எஞ்சின் பழுது பார்த்தால் வெள்ளோட்டம் விட அந்தப் படகைத்தான் வைத்திருக்கிறேன். "வெள்ளோட்டம் பார்த்துட்டு வர்றேன்" என்று மனைவியிடம் சொன்னேன். "சின்னவனக் காணோமே, கோயில்லதான் இருக்கானா?" என்று கேட்டாள். "அங்கதான் ஏணியப் பிடிச்சுட்டு நிப்பான்" என்றேன். அப்போது அது பொய் இல்லை, நான் அப்படித்தான் நினைத்தேன்.

ஏன் போனேன் என்றால், ரேடியோ பத்திரமாக இருக்கிறானா என்று பார்க்கத்தான். போன வருஷமும் இப்படிப் போய்ப் பார்த்தேன். ஒரு வேலையைத் தொடங்கினால் நடுவில் போய் மேற்பார்வை பார்க்க வேண்டும், அது என் பழக்கம். இருட்டத் தொடங்கியிருந்ததால் கம்பத்து விளக்கைப் போட்டுக்கொண்டேன். ரேடியோவின் படகு நான் நினைத்த இடத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்தே படகின் மேல் ஒரு ஆள் தெரிந்தான். சட்டையைக் கழற்றி ஆட்டினான். ரேடியோ இல்லை. ரேடியோ குட்டை. அது சின்னவன்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். முதலில் திக்கென்றது. அடுத்த நொடியே, இது நல்லதுக்குத்தான் என்று பட்டது. ஊரார் சொல்வதையெல்லாம் அவள் நம்புகிறாள் என்று எனக்கு எப்போதும் முழுதாக நம்பிக்கை இல்லை. சில நேரம், நம்புவது போல இருக்கிறாளோ என்று சந்தேகம் வரும். ஆனால் சொந்தத் தம்பி பலகையில் உட்கார்ந்து, அக்கா, அவன் கை என் தோளில் இருந்தது என்று சொன்னால்? அதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும்? கடல் அமைதியாக இருந்தது. படகில் தண்ணீர் இருந்தது. மாலை மணி அப்போதுதான் அடித்து முடிந்திருந்தது. அந்த நேரத்தில் நான் அவர்களைக் கட்டி இழுத்து வந்திருந்தால் ஐஸ் கடைக்காரர் கதைதான். ஒன்றுக்கும் ஆகாது.

படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சாப்பிட்டேன். தூங்கினேன்.

காலை மணி அடித்ததும் நான்கைந்து படகுகளில் போனோம். படகு நான் கணக்குப் போட்ட இடத்தில், ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. தண்ணீர் கேன் பாதி இருந்தது. ரேடியோ மட்டும் உட்கார்ந்திருந்தான். பேசவே இல்லை. அவனைத் தூக்கி ஏற்றும்போது, "சின்னவன் நீந்திப் போயிட்டான்" என்று மட்டும் சொன்னான். அன்று மாலைவரை தேடினோம். கிடைக்கவில்லை.

அன்றைய பவனியை நிறுத்திவிடலாம் என்று பங்குச்சாமி சொன்னார். ஊரில் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். நடக்கட்டும் என்று சொன்னது என் மனைவி. அழாமல், நின்ற இடத்தில் நின்றபடியே சொன்னாள். "ரேடியோ பலகையில உக்காரணும். பேசணும். நான் கேக்கணும்." இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் கேட்டுத்தான் பவனி நடந்தது. இந்த வருஷம் அவளும் எங்களோடு படகில் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றியிருந்த ரேடியோவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து பலகையில் உட்கார வைத்தார்கள். நடுக்கடலில் எஞ்சின்கள் நின்றன. அவன் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான்.

"நான் எஞ்சின் குழிக்குள்ள கைப்பிடியச் சுத்திக்கிட்டு இருந்தேன். காது அடைக்கிற இரைச்சல். சின்னவன் மேல நின்னு என்னவோ கத்தினான், என்னன்னு கேக்கல. ஏறி வந்து பார்த்தேன். தூரத்துல ஒரு விளக்கு. வெள்ளையா எரிஞ்சுக்கிட்டு எங்களப் பார்த்து நின்னுச்சு. அப்புறம் அப்படியே செவப்பா மாறிச்சு. மாறிட்டுத் தள்ளிப் போச்சு. நம்மளப் பாக்கலைடா, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டு இவன் குதிச்சுட்டான். நான் பிடிக்கப் பார்த்தேன். முடியல."

படகுகளில் ஒரு சத்தம் எழுந்தது. யாரோ முழங்கால் போட்டார்கள். உடனே எல்லோரும் போட்டார்கள். வெள்ளையும் சிவப்புமாக வந்தது புனிதர்தான், ஒருவனைக் காப்பாற்றிவிட்டு ஒருவனைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு கிழவர் சத்தமாகச் சொன்னார். பங்குச்சாமியின் கண்ணில் தண்ணீர். நானும் முழங்கால் போட்டேன். ஒருவேளை அப்படியும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

என் மனைவி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் சுரூபத்தைப் பார்த்தார்கள். அவள் சுற்றி நின்ற படகுகளைத் தாண்டி, கயிறு கட்டிப் பின்னால் இழுத்து வந்திருந்த என் சின்னப் படகின் கம்பத்தைப் பார்த்தாள். அந்த விளக்கின் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்துபோனபோது அவள்தான் பரிசுப் பொட்டலம் சுற்றி வந்த சிவப்புத் தாளை வெட்டி, பசை தடவி ஒட்டினாள். பின்பக்கத்தில். முன்னால் வந்தால் வெள்ளை, திரும்பினால் சிவப்பு. உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அந்தத் தாள்தான். அதை அவள் எப்போது கொண்டுவந்து கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

கரையில் அவள் ரேடியோவிடம் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறை. வீட்டுக்கு வந்து, சமையலறையில், அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம்தான் கேட்டாள்.

"அவனப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அவன் உங்களப் பார்த்தானா?"

"விளக்கப் பார்த்தான்."

"என்ன கத்தினான்?"

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்கிறவர். "அத்தான்" என்று கத்தினான். என் எஞ்சினின் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும், பட்டறையிலேயே கிடந்து வளர்ந்தவன். நான் திரும்பி மெதுவாகப் போகும்போதும் கத்தினான். ஒரு சத்தம் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தேயும் என்பது என் காதுக்குத் தெரியும். அவன் குரல் அப்படித் தேயவில்லை. கூடவே வந்தது. அதிலிருந்து அவன் தண்ணீரில் இருக்கிறான், என் பின்னால் நீந்தி வருகிறான் என்று தெரிந்துகொண்டேன். வேகத்தைக் குறைக்கலாமா என்று நினைத்தேன். குறைத்தால் ஏறிவிடுவான். ஏறிவிட்டால் அந்த இரவு வீணாகிவிடும். நல்ல நீச்சல்காரன், களைத்தால் படகுக்குத் திரும்பிவிடுவான் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. திரும்பிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுதிவிட்டீர்களா? நிதானமாக எழுதுங்கள், அவசரமில்லை. நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். இன்று காலை என்னை ஜீப்பில் ஏற்றும்போது அவளைப் பார்த்தேன். வாசலில் நின்றாள். பாத்திரம் இல்லாமல் அடுப்பு எரிகிற வாசனை வந்தது. அடுத்த திருவிழாவுக்கு முன்னால் சில நாட்களாவது என்னைப் பட்டறைக்கு விட வேண்டும். யாராவது ஒருவர் அந்தப் பலகையில் உட்கார்ந்து அவளுக்குச் சேதி சொல்லியாக வேண்டும், இப்போது அவளுக்கு விசாரிக்க இரண்டு பேர் இருக்கிறார்கள்.